ஏற்காட்டு முகாமா, பத்து நாள் மௌனமா, தெருமுனை மன்றமா: சேலத்துக்காரர் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மன அழுத்தத்துக்குத் தியானம் கற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டு, எங்கே போய் யாரிடம் கற்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஐந்து ரோடு பக்கம் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழில். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள், மீதிப்பேர் ஜவ்வரிசி, ஜவுளி, மருந்துக்கடை. மாதம் பிறந்து 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கினால் ஜிஎஸ்டி தாக்கல் என்று அவர்களுக்கும் தூக்கம் போகும், எனக்கும் போகும். பில் கட்டோடு வருகிறவர்கள் அப்படியே உட்கார்ந்து, நெஞ்சு படபடப்பு, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது, விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு என்று பேச ஆரம்பித்து, கடைசியில் "தியானம் எதாச்சும் கத்துக்கலாமுங்களா?" என்ற கேள்வியில் வந்து நிற்பார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையும் குடும்பமும் உள்ள ஆளுக்கு, வாரம் ஒரு வகுப்பு, மற்ற நாளெல்லாம் வீட்டில் பயிற்சி என்று எட்டு வாரம் செய்கிற முறைதான் முதல் தேர்வு. பக்கத்தில் ஒழுங்காக நடக்கும் மனவளக்கலை மன்றம், அதாவது வேதாத்திரி மகரிஷி வழித் தியான மன்றம், இருந்தால் அது இரண்டாவது, சிலருக்கு அதுவே முதல். பத்து நாள் தங்கி மௌனமாக உட்காரும் விபாசனா முகாம் அதற்கு அப்புறம். ஏற்காட்டு வார இறுதி முகாம் கடைசி. இந்த வரிசைக்குக் காரணம் ஒன்றுதான், அழுத்தம் எங்கே இருக்கிறதோ அங்கேயே, அது இருக்கும்போதே பழக வேண்டும். அம்மாபேட்டை வீட்டில் பக்கத்து விசைத்தறி ஓடிக்கொண்டிருக்க, மிக்ஸி சத்தத்துக்கு நடுவில் பத்து நிமிடம் உட்காரப் பழகியவருக்கு அது 20ஆம் தேதி உதவும். மலைமேல் மட்டும் வருகிற அமைதி கொண்டை ஊசி வளைவு இறங்கி முடிவதற்குள் போய்விடும்.

எட்டு வார முறையில் பழகுவது மைண்ட்ஃபுல்னெஸ் என்று எல்லோரும் சொல்கிற பயிற்சி. இதில் மந்திரம் கிடையாது, உருவம் கிடையாது. மூச்சு வந்து போவதை, தோளிலும் தாடையிலும் இருக்கிற இறுக்கத்தை, மனதில் ஓடுகிற நினைப்பை, அது நடக்கும்போதே கவனிப்பது, அவ்வளவுதான். கவனம் வேறெங்கோ போய்விட்டது தெரிந்ததும் சண்டை போடாமல் திரும்ப மூச்சுக்கு வருவது, மறுபடி போகும், மறுபடி வருவது. மனதைக் காலி செய்வது என்று நினைத்து உட்காருகிறவர்கள்தான் மூன்றாம் நாள் விட்டுவிடுகிறார்கள். பட்டறை நடத்தும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, மூச்சைக் கவனிங்கறீங்க, கண்ணை மூடினா வட்டிக்காரர் மூஞ்சிதான் தெரியுது." நான் சொன்னது: "அவர் வந்துட்டார்னு உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களே ஐயா, பாதிப் பயிற்சி அதுதாங்க. அவர்கூடப் பேச்சுக் கொடுக்காம மூச்சுக்குத் திரும்பறது மீதிப் பாதி." சிரித்தார், ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு என்று சொல்பவர்கள் நம்மூர் தலைவெட்டி முனியப்பனை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். பெரியேரியில் முனியப்பனாக வழிபட்டு வந்த அந்தச் சிலை, தாமரைப் பீடத்தில் தியான நிலையில் அமர்ந்த புத்தர் என்று தொல்லியல் துறை ஆய்வு செய்து சொல்ல, 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரிலும் பெரிய புத்தர் உட்கார்ந்திருக்கிறார். சரி, வழிபாட்டு வழக்குக்குள் நான் போகவில்லை, கண்மூடி உட்காருவது இந்த மாவட்டத்துக்குப் புதிது இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது ஒவ்வொன்றாக.

ஏற்காடு முகாமைச் சீக்கிரம் முடித்துவிடலாம். யோகா, தியானம், மலையேற்றம், இரவில் கேம்ப் ஃபயர் என்று இரண்டு மூன்று நாளுக்கு ஒரு பேக்கேஜ். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் நிழலில் உட்கார்ந்தால் யாருக்கும் மனசு லேசாகும். அதில் தியானத்தின் பங்கு எவ்வளவு, லீவு போட்டதன் பங்கு எவ்வளவு, குளிர்காற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நடத்துகிறவர் திங்கட்கிழமையிலிருந்து உங்களைப் பார்க்கவே மாட்டார் என்பது அதைவிடப் பெரிய குறை. பயிற்சியில் சந்தேகம் வருவது எப்போதும் இரண்டாவது வாரத்தில்தான், அப்போது கேட்க ஆள் இருக்காது. சுற்றுலாவாகப் போங்கள், நன்றாக இருக்கும், பணத்தைத் தியானக் கணக்கில் எழுதாதீர்கள்.

பத்து நாள் விபாசனாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் கேள்விப்பட்டதும் இதுதான், அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். சத்ய நாராயண் கோயங்கா பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வியாபாரக் குடும்பத்துக்காரர், அங்கே சயாஜி ஊ பா கினிடம் கற்று, 1969இல் இந்தியா வந்து கற்பிக்க ஆரம்பித்தார், 2013இல் காலமானார். இன்றும் முகாம்கள் அவருடைய ஒலிப்பதிவை வைத்துத்தான் நடக்கின்றன, மாலை உரையைத் தமிழிலும் கேட்கலாம். நமக்கு வசதியான மையம் சென்னை திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது. கட்டணம் கிடையாது, சாப்பாடு தங்கல் உட்பட. ஏற்கனவே முகாம் முடித்தவர்கள் விருப்பப்பட்டுக் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது, முடிக்காதவரிடம் நன்கொடைகூட வாங்க மாட்டார்கள். இந்தக் காலத்தில் இது பெரிய விஷயம்.

ஆனால் கால அட்டவணையைப் பாருங்கள். காலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள், இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணையும், நடுவில் சுமார் பத்து மணி நேரம் உட்கார்வது. மதியச் சாப்பாடு 11 மணிக்கு, மாலை புதியவர்களுக்கு டீயும் பழமும், ராத்திரிச் சாப்பாடு இல்லை. பேச்சு, ஜாடை, புத்தகம், எழுதுவது எதுவும் கூடாது, போனை வாங்கி வைத்துவிடுவார்கள். முதல் மூன்று நாள் மூக்கருகே மூச்சை மட்டும் கவனிக்கும் ஆனாபானா, நான்காம் நாளிலிருந்து உடம்பு முழுக்க உணர்வுகளைக் கவனிக்கும் விபாசனா. ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் உட்காரும் அமர்வுகளும் உண்டு. பத்தாம் நாள் மௌனம் கலையும், பதினோராம் நாள் காலை வீட்டுக்கு. அந்தப் பத்து நாளுக்கு உங்கள் வழக்கமான பூஜை, ஜபம், விரதம் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள், இது சில வீடுகளில் சின்ன விஷயம் இல்லை.

இதில் கற்பிக்கும் முறை நறுக்கென்று இருக்கிறது, அதை மறுக்க முடியாது. உட்கார்ந்து எழுந்தவர்கள் சிலர் நிஜமாகவே மாறி வந்திருக்கிறார்கள். ஆனால் வெள்ளி விலை தினமும் ஏறி இறங்குகிற நாளில், கூலி கொடுக்க வேண்டிய சனிக்கிழமை நடுவில் வருகிற ஒரு பட்டறைக்காரர் பத்து நாள் போனைக் கொடுத்துவிட்டுப் போவது நடக்கிற காரியமா? கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணுக்கு? அப்புறம், திரும்பி வந்தபின் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்கிறார்கள். பத்து நாளைவிட இதுதான் கஷ்டம். முன்பே தினமும் அரைமணி உட்காரும் பழக்கம் உள்ளவருக்கு விபாசனா ஒரு நல்ல அடுத்த படி. அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது, முதல்முறையாக, நேரே அங்கே போய் இறங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. விண்ணப்பப் படிவத்தில் மனநலச் சிகிச்சை பற்றிக் கேட்பார்கள், அதை மறைத்துவிட்டுப் போகவே கூடாது, அந்தக் கேள்வி காரணத்தோடுதான் இருக்கிறது.

மனவளக்கலை நமக்கு ரொம்பப் பக்கம். வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்தவர், 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார், ஆழியாறு அறிவுத் திருக்கோயில் தலைமையிடம். தறிக்காரர்கள் நிறைந்த நம் ஊரில் இந்த முறை எடுபடுவதில் ஆச்சரியம் இல்லை, தமிழிலேயே பேசுகிறார்கள், குடும்பத்தைவிட்டு வா என்று சொல்வதில்லை. முதலில் எளியமுறை உடற்பயிற்சி, கைப்பயிற்சி கால் பயிற்சியில் ஆரம்பித்து மகராசனம், உடல் தளர்த்தல் வரை. பிறகு தீட்சை கொடுத்து, புருவ நடுவில் கவனம் வைக்கும் ஆக்கினை தவம், அதன்பின் சாந்தி, துரியம் என்று அடுத்தடுத்த தவங்களுக்குப் போகும். தவம் முடிந்ததும் "வாழ்க வளமுடன்".

கண்டிப்பாகப் பார்த்தால் இது மைண்ட்ஃபுல்னெஸ் அல்ல. ஓரிடத்தில் கவனத்தைக் குவிப்பது, வாழ்த்துவது, அதற்கென்று ஒரு தத்துவம் என்று வேறு கட்டமைப்பு. ஆனால் அழுத்தம் குறைய வேண்டும் என்று வருகிறவருக்கு இதில் இரண்டு சங்கதிகள் நேராகப் பயன்படும். ஒன்று, அந்த உடல் தளர்த்தல். படுத்துக்கொண்டு காலிலிருந்து தலைவரை ஒவ்வொரு உறுப்பாகக் கவனித்துத் தளர்த்துவது, நான் முதலிடம் கொடுத்த, அமெரிக்காவில் தொடங்கிய எட்டு வார வகுப்பில் செய்யும் பாடி ஸ்கேனுக்குப் பங்காளி மாதிரி. இரண்டு, தற்சோதனை. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று பாடமாகவே இருக்கிறது. நோட்டை எடுத்து, யார் மேல் கோபம், எதனால், எத்தனை முறை வந்தது என்று எழுத வைப்பார்கள். வேறெந்தத் தியான வகுப்பிலும் இவ்வளவு கறாராகக் கோபத்துக்குக் கணக்கு எழுதச் சொல்லி நான் பார்க்கவில்லை. காலையில் ஐந்து பேர் சேர்ந்து உட்காருகிற இடம் நடந்து போகும் தூரத்தில் இருப்பது தனி வசதி, நாலு நாள் வரவில்லை என்றால் "என்னங்க அம்மா, ஆளையே காணோம்" என்று கேட்க ஆள் இருக்கும். தத்துவப் பகுதி ஒத்துவராதவர்களுக்கும், காந்தம் உயிராற்றல் என்ற பேச்சில் நெளிபவர்களுக்கும் இது கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். மன்றத்துக்கு மன்றம் ஆசிரியர் தரமும் வேறுபடும், அதனால் சேரும் முன் ஒரு நாள் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்து நான் முதலிடம் கொடுத்த எட்டு வார முறை. மைண்ட்ஃபுல்னெஸ் பேஸ்டு ஸ்ட்ரெஸ் ரிடக்‌ஷன், சுருக்கமாக எம்பிஎஸ்ஆர் என்று பெயர். ஜான் கபாட்-சின் என்பவர் மூலக்கூறு உயிரியல் படித்தவர், 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், மருந்தில் முழுக்கத் தீராத நாள்பட்ட வலிக்காரர்களுக்காக இதை ஆரம்பித்தார். பௌத்தப் பயிற்சியிலிருந்து எடுத்தது, ஆனால் சாமி, சடங்கு, சபதம் எதுவும் இல்லாமல் மருத்துவமனைக்கு ஏற்ற மாதிரி அமைத்தது. வாரம் ஒரு வகுப்பு, இரண்டரை மணி நேரம். தினமும் வீட்டில் முக்கால் மணி பயிற்சி. பாடி ஸ்கேன், உட்கார்ந்த தியானம், மெதுவான ஆசனங்கள், நடைத் தியானம். கடைசி வாரங்களில் ஒரு முழு நாள் மௌனம்.

முதல் வகுப்பில் ஓர் உலர் திராட்சையைக் கையில் கொடுத்து, பார்த்து, தடவி, முகர்ந்து, நிதானமாகச் சாப்பிடச் சொல்வார்கள். நம்மூரில் இதற்குத் தட்டுவடை செட்டே போதும். மாலையில் தள்ளுவண்டிக்காரர் இரண்டு தட்டைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவல் வைத்து, சட்னி தடவிக் கொடுப்பதை, போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, ஒன்றே ஒன்றை முழுக் கவனத்தோடு சாப்பிட்டுப் பாருங்கள். முதல் கடியில் அந்த நொறுங்கும் சத்தம் காதுக்குள் கேட்கும், அப்புறம்தான் புளிப்பு, அதற்குப் பின்னால் காரம், பீட்ரூட்டின் லேசான இனிப்பு கடைசியில். இரண்டாவதை எடுக்கக் கை தானாகப் போவதையும் அப்போதுதான் கவனிப்பீர்கள், வாயில் இருப்பது இன்னும் முழுங்கவே இல்லை. நாள் முழுக்க நாம் வேலை செய்வதும் இப்படித்தான் என்று வகுப்பில் பேச்சு அங்கிருந்து நகரும்.

அந்தப் பேச்சுதான் இந்த முறையின் உயிர். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் ஆசிரியர் "என்ன கவனித்தீர்கள்?" என்று கேட்பார். தூங்கிவிட்டேன், எரிச்சலாக இருந்தது, முட்டி வலித்தது, ஒன்றுமே நடக்கவில்லை என்று எதைச் சொன்னாலும் அதை வைத்தே பாடம் நடக்கும். இரண்டாம் வாரம் "எனக்கு இது வரவில்லை" என்று நினைக்கிறவர் அங்கே பிடிபடுகிறார், வீட்டில் தனியாக இருந்தால் விட்டிருப்பார். சேலத்திலிருந்து பார்த்தால் குறை என்ன? வகுப்பு பெரும்பாலும் ஆன்லைன், பெரும்பாலும் ஆங்கிலம், கட்டணம் கொஞ்சம் கூட. ஆங்கிலம் ஓரளவு புரியும், காசு செலவழிக்க முடியாது என்றால் பலூஸ் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற இணையதளத்தில் எட்டு வாரப் பாடமும் இலவசமாகவே இருக்கிறது, ஆனால் அங்கே கேள்வி கேட்க ஆசிரியர் இல்லை. அப்படிச் செய்வதானால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து செய்யுங்கள், வாரம் ஒருநாள் ஒரு வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து அந்த "என்ன கவனித்தோம்" பேச்சை நீங்களே நடத்திக்கொள்ளலாம். முக்கால் மணி கிடைக்காதவர் பதினைந்து நிமிடத்தில் ஆரம்பிக்கலாம். பல் விளக்கியதும், டீக்கு முன்னால் என்று நேரத்தை ஏற்கனவே இருக்கிற ஒரு பழக்கத்தோடு கட்டிவிடுங்கள்.

போனில் இருக்கும் தியான ஆப்களைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆரம்பிக்க எளிது, நிறுத்த அதைவிட எளிது, அதே போனில்தான் வங்கி மெசேஜும் வாட்ஸ்அப்பும் இருக்கின்றன. டைமராகப் பயன்படுத்தினால் போதும்.

இதெல்லாம் உண்மையில் வேலை செய்கிறதா என்று கேட்பவர்களுக்கு: 2014இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியால் மிதமான பலன் தெரிந்தது, ஆனால் உடற்பயிற்சி, மருந்து போன்ற மற்ற சிகிச்சைகளைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றும் அதிலேயே எழுதினார்கள். 2022இல் பதற்றக் கோளாறு உள்ள 276 பேரை வைத்து, எட்டு வார எம்பிஎஸ்ஆரையும் எஸ்சிடாலோபிராம் மாத்திரையையும் ஒப்பிட்டார்கள், வகுப்பு மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது, அந்த ஆய்வில் இருந்தவர்களை டாக்டர்கள் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். அதே 2022இல் பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளை வைத்து நடந்த மிரியட் ஆய்வின் முடிவும் வந்தது. வகுப்பறையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்ததில், வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளை மொத்தமாக ஹாலில் உட்கார வைத்து "கண்ணை மூடுங்க" என்று சொல்லத் திட்டம் வைத்திருக்கும் பள்ளிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விருப்பப்படாதவனைக் கண்மூட வைத்தால் அவன் தூங்குவான், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான்.

சொல்லிக்கொடுப்பவரை எப்படி எடைபோடுவது? தினமும் தானே உட்காருகிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள், தயங்கினால் புரிந்துவிடும். சேர்க்கும் முன் உங்கள் தூக்கம், மருந்து, பழைய அதிர்ச்சி பற்றி ஒரு வார்த்தையாவது கேட்கிறாரா? "மாத்திரையை விட்டுடுங்க, தியானமே சரிபண்ணிடும்" என்று சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். சிலருக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், விபத்து, வன்முறை பார்த்தவர்களுக்கும் இப்படி நடப்பதுண்டு. நல்ல ஆசிரியர் உடனே கண்ணைத் திறக்கச் சொல்வார், மூச்சை விட்டுவிட்டு, பாதம் தரையில் படுவதையோ வெளியே கேட்கும் சத்தத்தையோ கவனிக்கச் சொல்வார். "தாங்கிக்கோங்க, கர்மா கரையுது" என்பவர் நமக்கு வேண்டாம்.

இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்கிற நிலையில் இருப்பவருக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. முதலில் மனநல மருத்துவர். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் பேச ஆள் வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம். தியானம் அப்புறம், டாக்டரிடம் சொல்லிவிட்டு.

ஆளுக்கு ஆள் பிரித்துச் சொல்வதானால், பட்டறை, கடை வைத்திருப்பவர்களுக்கும் ஆங்கிலம் ஒத்துவராதவர்களுக்கும் மன்றம், அதோடு வீட்டில் படுத்துக்கொண்டு உடல் தளர்த்தல். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற இளைஞர்கள் ஆன்லைன் எட்டு வாரத்தை எடுத்துக்கொள்ளலாம், அந்தப் பிள்ளைகளுக்குத்தான், திரையிலாவது, ஆள்முகம் பார்த்துப் பேசும் வகுப்பு ரொம்பத் தேவை. ஓய்வுபெற்றவர்கள், நேரம் உள்ளவர்கள், ஏற்கனவே உட்காருகிறவர்கள் திருமுடிவாக்கத்துக்கு விண்ணப்பம் போடலாம். உட்காரவே முடியாது என்பவர்கள் நடைத் தியானம், அதற்குத்தான் நான் ஏற்காட்டைச் சொல்வேன். வாரநாளில் காலை பஸ்ஸில் ஏறி, ஏரிப் பக்கம் நிற்காமல், காபித் தோட்டங்களை ஒட்டிய ரோட்டில் பாதம் படுவதைக் கவனித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடப்பது. கோடை மழை ஒன்று பெய்து காபி பூத்திருக்கும் சமயமாக இருந்தால் மல்லிகை மாதிரி வாசம் வேறு. பஸ் டிக்கெட்டும் ஒரு டீயும்தான் செலவு.

எட்டு வாரம் ஆரம்பிக்கிறவர்கள் காலண்டரைப் பார்த்து ஆரம்பியுங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, வீடு நிறைய விருந்தாளிகள், தெருவெல்லாம் ஸ்பீக்கர், சத்தத்துக்குப் பழகியவரே திணறுவார். தீபாவளிக்கு முந்தின மாதம் ஜவுளிக்காரர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பொங்கல் கழிந்த அடுத்த வாரம்தான் சரி, அன்றைக்கு ஆரம்பித்தால் எட்டு வாரம் மார்ச் நடுவில் முடியும், வருடக் கணக்கு நெருக்கடி அதற்கு அப்புறம்தான் தொடங்கும்.